நெல்லுச் சாக்கில் அரிசிமணி, குட்டியின் சத்தியில் பூச்சி

தங்கச்சி, மல்லாவியில் இருந்து நீங்கள் கேட்டதை முதலில் ஒருதரம் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்ற ஆட்களுக்கும் விளங்கும். வீட்டில் ஒரு தாய்ப்பூனை, ஆறு கிழமைக் குட்டிகள் மூன்று. தாய் படுக்கிற நெல்லுச் சாக்கில் அரிசிமணி மாதிரி ஏதோ ஒட்டிக் கிடக்கிறது, அதில் ஒன்றிரண்டு நெளிந்ததையும் கண்டிருக்கிறீர்கள். குட்டிகளுக்கு வயிறு பானை மாதிரி, ஒன்று நேற்றுச் சத்தி எடுத்தபோது நீளமான வெள்ளைப் பூச்சி சுருண்டு வந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அண்ணை ஆட்டுக்கு வாங்கி மிஞ்சின பூச்சி மருந்தில் ஒரு மூடி பருக்கு என்கிறார். அம்மம்மா உள்ளியை இடித்துக் கொடுக்கச் சொல்கிறார். உங்கள் அவரோ நாலு வயது மகனுக்குத் தொற்றிவிடும் என்ற பயத்தில், எல்லாவற்றையும் உரப்பையில் போட்டுக் கட்டி மாங்குளம் சந்தியில் விட்டுவிட்டு வரலாம் என்கிறார்.

மூன்று பேர் சொன்னதையும் செய்ய வேண்டாம்.

நான் மிருக வைத்தியர் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். கால்நடைப் பகுதியில் கனகாலம் வெளிக்கள வேலை செய்து ஓய்வு பெற்ற ஆள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடப் போன வீடுகளில் எல்லாம் கடைசியில் யாரோ ஒரு பிள்ளை பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும், அப்படித்தான் பூனைகளோடு பழக்கம். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் இருப்பது ஒரு பூச்சி இல்லை, இரண்டு. தாயிடம் ஒன்று, குட்டிகளிடம் வேறொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு, வந்த வழியும் வேறு. ஆட்கள் "பூச்சி மருந்து" என்று ஒரே பெயரில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, "மூன்று கிழமையில் திரும்ப வந்திட்டுது, மருந்து கள்ள மருந்து" என்று பாமசிக்காரரைத் திட்டுவதற்குக் காரணமே இந்தப் பிரிவு தெரியாததுதான்.

தாயின் சாக்கில் கிடக்கும் அரிசிமணி நாடாப்புழுவின் துண்டு. முழுப் புழு குடலுக்குள் நாடா மாதிரி நீளமாகக் கிடக்கும். அதன் வால் பக்கத்தில் இருந்து முற்றின கணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று பூனையின் பின்பக்கத்தால் வெளியே வரும். வந்த புதிதில் ஈரமாக, வெள்ளையாக, வெள்ளரி விதையளவில் நெளியும். காய்ந்தால் சுருங்கி மஞ்சளாகி, எள்ளுக்கும் குறுணல் அரிசிக்கும் இடையில் ஒரு சாமானாகிவிடும். நெல்லும் அரிசியும் கொட்டுப்படுகிற எங்கள் வீடுகளில் அதை யாரும் கவனிப்பதில்லை, கூட்டிக் கொட்டிவிடுவோம். நீங்கள் அது நெளிந்ததைக் கண்டது நல்ல கண். வாலைத் தூக்கிப் பார்த்தால் பின்பக்க மயிரிலும் இரண்டொன்று ஒட்டியிருக்கும்.

இந்த நாடாப்புழு பூனைக்கு எப்படி வருகிறது? அனேகமாகத் தெள்ளில் இருந்து. கீழே விழுந்த கணுவுக்குள் இருக்கும் முட்டையைத் தெள்ளின் குஞ்சு தின்னும், அது வளர்ந்து பெரிய தெள்ளாகிப் பூனையில் ஏறிக் கடிக்கும், பூனை கடித்த இடத்தை நக்கிச் சொறியும்போது தெள்ளையும் சேர்த்து விழுங்கும், வயிற்றுக்குள் தெள்ளு கரைய உள்ளேயிருந்த புழு வெளியே வந்து குடலில் ஒட்டிக்கொள்ளும். மூன்று கிழமையில் திரும்ப அரிசிமணி. மருந்து கள்ளம் என்று சொல்கிறோமே, அந்த மூன்று கிழமை இதுதான். மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது, சாக்கில் இருந்த தெள்ளு தன் வேலையைச் செய்கிறது.

தெள்ளு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. உங்கள் பேன் சீப்பால் (பிறகு அதை வீட்டில் யாரும் பாவிக்க வேண்டாம்) பூனையின் இடுப்புக்கு மேல், வாலடியில் வாரி, சீப்பில் வரும் கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். மண் என்றால் மண் நிறமாகவே கிடக்கும். சுற்றிவரச் சிவப்பாக ஊறினால் அது தெள்ளு குடித்த இரத்தம், தெள்ளின் எச்சம்.

இன்னொரு வகை நாடாப்புழுவும் உண்டு, அது எலியில் இருந்து வருவது. பூனையின் எச்சத்தில் இருந்து போகும் முட்டையை எலி தின்றால் எலியின் ஈரலில் வெள்ளைக் கட்டியாகப் புழு காத்திருக்கும், பூனை அந்த எலியைத் தின்றதும் வளரும். வன்னியில் வயலும் நெல்லு மூட்டையும் இருக்கிற வீட்டுப் பூனையிடம் எலி பிடிக்காதே என்று சொல்ல ஏலாது, அதற்காகத்தானே வைத்திருக்கிறோம். மீள்குடியேறி வந்த தொடக்கத்தில் தறப்பாள் கொட்டிலுக்குள் எலித் தொல்லை தாங்காமல் ஒரு பூனைக்குட்டிக்காக நானே மூன்று ஊர் அலைந்திருக்கிறேன். எலி பிடிக்கிற பூனைக்கு இந்தப் புழு திரும்பத் திரும்ப வரும், கணக்கு வைத்து மருந்து கொடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். மாரி காலத்தில் தவளை, பாம்புக்குட்டி தின்கிற பூனைகளுக்கு மூன்றாவது வகையும் வரலாம், அதற்குச் சாதாரண அளவை விடக் கூடிய மருந்து தேவை, அந்தக் கணக்கை வைத்தியரிடம் விடுங்கள்.

இரண்டு நாடாப்புழுவுக்கும் மருந்து ஒன்றுதான்: பிரசிகுவான்ரெல். நிறையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது வழமையான அளவு, ஒரே தரம் கொடுத்தால் போதும். பூனைகளுக்கென்றே விற்கிற குளிசைகளில் இதையும் குட்டிகளின் பூச்சிக்குரிய பைரன்ரெல்லையும் சேர்த்திருப்பார்கள், கூடுதலாக 4 கிலோ பூனைக்கு ஒரு குளிசை என்ற கணக்கில் வரும், ஆனாலும் பெட்டியில் எழுதியிருப்பதை வாசித்துத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு புழு வெளியே வரும் என்று மலத்தைக் கிளறிப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இந்த மருந்தில் நாடாப்புழு குடலுக்குள்ளேயே கரைந்துவிடும், கண்ணில் தெரியாது. அரிசிமணி நின்றால் வேலை செய்திருக்கிறது.

இனிக் குட்டிகள். இவைதான் உண்மையில் அவசரம்.

சத்தியில் வந்தது வட்டப்புழு. அவித்த நூடில்ஸ் நூல் மாதிரி, இரண்டு பக்கமும் கூராக, ஒரு சாணுக்குக் குறைந்த நீளத்தில், வில்லுச் சுருள் மாதிரிச் சுருண்டு கிடக்கும். ஆறு கிழமைக் குட்டிக்கு இது எங்கேயிருந்து வந்தது, அது இன்னும் மண்ணில் கூட இறங்கவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். தாய்ப்பாலில் இருந்து. தாயின் உடம்புக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் பாலோடு குட்டிக்குப் போய்விடும். நாய்க்கு வயிற்றுக்குள் இருக்கும்போதே போகும், பூனைக்கு அப்படியில்லை, பால்தான் வழி. அதனால் வெளியே விடாமல் பெட்டிக்குள் வளர்த்த குட்டிக்கும் பூச்சி இருக்கும். வளர்ந்த பூனைக்கு எலி, குருவி, கரப்பான், மண் ஒட்டின பாதத்தை நக்குவது என்று வேறு வழிகளும் உண்டு.

வட்டப்புழு உள்ள குட்டியின் தோற்றம் ஒருக்கால் பார்த்தால் மறக்காது. வயிறு மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும், ஆனால் முதுகெலும்பைத் தடவினால் மணி மணியாகக் கைக்குத் தட்டுப்படும், மயிர் பளபளப்பில்லாமல் குத்திட்டு நிற்கும். ஆட்கள் வயிற்றைப் பார்த்துவிட்டு "நல்லாத் தின்னுது, கொழுத்திட்டுது" என்று சொல்வார்கள். வயிற்றோட்டம், இடைக்கிடை சத்தி, சிலவேளை இருமல் கூட வரும், புழுக்குஞ்சு குடலுக்கு வருவதற்கு முன் ஈரலும் நுரையீரலும் சுற்றித்தான் வருகிறது என்பதால். கண்ணின் உள்மூலையில் ஒரு வெள்ளைச் சவ்வு பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதா என்றும் பாருங்கள், அது பூச்சிக்கு மட்டும் உரிய அடையாளம் இல்லை, ஆனால் உடம்பு சரியில்லை என்று சொல்லும்.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குட்டி சத்தி எடுத்து, வயிற்றாலும் போய், சாப்பாடும் தண்ணீரும் தொடாமல் மூலையில் குறுகிப் படுத்தால் அதைப் பூச்சி என்று நினைத்துக்கொண்டு இருக்கக் கூடாது. பூனைகளுக்கு வருகிற வைரஸ் வயிற்றோட்டம் ஒன்று இருக்கிறது, அது இரண்டு மூன்று நாளில் ஒரு ஈற்றுக் குட்டிகள் முழுவதையும் கொண்டுபோய்விடும். பூச்சி உள்ள குட்டி பெரும்பாலும் ஓடி விளையாடும், பசி பசி என்று கத்தும். உங்கள் குட்டிகள் விளையாடுகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் நான் ஆறுதலாக எழுதுகிறேன்.

வட்டப்புழுவுக்குப் பிரசிகுவான்ரெல் ஒன்றும் செய்யாது. அதற்குப் பைரன்ரெல், அல்லது பென்பென்டசோல். சின்னக் குட்டிக்கு நான் கண்டதில் பைரன்ரெல் பாணி மருந்துதான் சுகம், குடலில் இருந்து உடம்புக்குள் அவ்வளவாக உறிஞ்சப்படாது என்பதால் பால்குடிக் குட்டிக்கும் கொடுக்கலாம். கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவில் பூனைக்கு வழமையாகக் கொடுப்பார்கள். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள போத்தல் என்றால் ஒரு மில்லியில் 50, அப்போது 600 கிராம் குட்டிக்கு 6 மில்லிகிராம், அதாவது 0.12 மில்லி. எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள், இரண்டு மூன்று துளிதான்! தேக்கரண்டியால் அளக்கிற அலுவல் இல்லை இது. பாமசியில் ஒரு மில்லி ஊசிக்குழாய் வாங்கி, ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, போத்தலை நன்றாகக் குலுக்கி (மருந்து அடியில் படிந்து கிடக்கும்) இழுத்து, குட்டியின் கடைவாய்ப் பக்கத்தால் மெதுவாக விடுங்கள். அண்ணாக்கத் தலையை உயர்த்திப் பிடித்து ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒவ்வொரு போத்தலிலும் செறிவு வேறாக இருக்கும், என் கணக்கை அப்படியே எடுக்காமல் உங்கள் போத்தலைக் காட்டி வைத்தியரிடம் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு முக்கியம், ஒருதரம் கொடுத்துவிட்டு நிறுத்தக் கூடாது. மருந்து குடலில் இருக்கும் பெரிய புழுவை மட்டும் தாக்கும். ஈரலிலும் நுரையீரலிலும் பயணத்தில் இருப்பது தப்பிவிடும், பாலில் புதிதாகவும் வந்துகொண்டிருக்கும். அதனால் மூன்று கிழமை வயதில் தொடங்கி இரண்டு கிழமைக்கு ஒருதரம், பால் மறந்து இரண்டு கிழமை போகும் வரை. பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருதரம். உங்களுடையது ஆறு கிழமை, பிந்திவிட்டது, பரவாயில்லை, இன்றைக்குத் தொடங்கலாம். குட்டிகளுக்குக் கொடுக்கிற நாளிலேயே தாய்க்கும் கொடுங்கள், பால் கொடுக்கிற தாயின் குடலிலும் அந்தக் காலத்தில் வட்டப்புழு இருக்கலாம். வளர்ந்த பிறகு வெளியே திரியும் பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் என்று வைத்துக்கொண்டால் போதும். பைரன்ரெல் கொடுத்த மறுநாள் மலத்தில் முழுப் புழுக்கள், சிலவேளை உயிரோடே, வரும். கத்தாதீர்கள், மகனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு மண்வெட்டியால் அள்ளி ஆழமாகப் புதையுங்கள்.

நிறை பார்ப்பதற்கு: குட்டியை ஒரு சின்னப் பேசினில் வைத்துக் கடைத் தராசில் நிறுத்து, பேசினின் நிறையைக் கழியுங்கள். தாய்ப்பூனையைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஆள் நிறுக்கிற தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழியுங்கள். "ஒரு கிலோ வரும்" என்று கையால் தூக்கிச் சொல்கிற ஆட்கள் எல்லாரும் பிழையாகத்தான் சொல்வார்கள், நானும் அப்படித்தான்.

கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிலே வீண். கொழுக்கிப்புழு. ஒரு சென்ரிமீற்றர் அளவுதான், மலத்தில் அனேகமாகக் காணமாட்டீர்கள், சத்தியிலும் வராது. குடல் சுவரைக் கடித்துப் பிடித்து இரத்தம் குடிக்கும். குட்டியின் உதட்டை உயர்த்தி முரசைப் பாருங்கள், உங்கள் மகனின் நகக்கண் மாதிரி இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கடதாசி மாதிரி வெளுத்திருந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்து வந்தாலோ பின்னேரம் வரைக்கும் கூடக் காத்திருக்க வேண்டாம். அரைக் கிலோக் குட்டியில் எவ்வளவு இரத்தம் இருக்கப்போகிறது? அந்த நிலையில் பூச்சி மருந்து மட்டும் போதாது, இரத்தத்தைத் தேற்றவும் வேண்டும். சில பூனைக்கு முரசு பிறவியிலேயே கறுப்பு, அப்போது கீழ் இமையை இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

இந்தக் கொழுக்கிப்புழுவில் ஒரு வகைக்கு எங்கள் நாட்டின் பழைய பெயரே (சிலோன்) இருக்கிறது, அன்சைலோஸ்ரோமா சிலானிக்கம். 1911இல் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர், இலங்கையில் ஒரு புனுகுப்பூனையில் கிடைத்த புழுவை வைத்து அந்தப் பெயரை இட்டார். பூனை, நாய், மனிதர் மூவரின் குடலிலும் வளரக்கூடிய வகை அது. இதே லூஸ்தான் அதற்கு முன்பு கெய்ரோவில் வேலை செய்யும்போது புழுக்குஞ்சு இருந்த தண்ணீரைத் தவறுதலாகத் தன் கையில் சிந்திக்கொண்டு, தோல் கடித்துச் சிவந்ததைக் கண்டு, பிறகு தன் மலத்திலேயே முட்டையைத் தேடிப் பிடித்து, கொழுக்கிப்புழு தோலால் உள்ளே போகும் என்று கண்டுபிடித்தவர். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில் முட்டை ஒரு நாளிலேயே பொரித்துவிடும், ஒரு கிழமைக்குள் தோலைத் துளைக்கிற அளவுக்கு வளர்ந்துவிடும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து விட்டு இடையில் வெயில் எறிக்கிற அந்த நாட்கள்தான் அதற்குத் தோதான காலம். கோடைக்குள் காய்ந்து வெடித்த முற்றத்தில் அவ்வளவு பயமில்லை, நிழலும் ஈரமுமான கிணற்றடி, வாழையடியில்தான் கவனம். நல்ல காலம், வட்டப்புழுவுக்குக் கொடுக்கிற பைரன்ரெல்லே இதற்கும் வேலை செய்யும்.

கண்ணால் காண்பதை மட்டும் நம்பாமல் மலத்தைச் சோதிக்கக் கொடுக்கலாம். புதிய மலத்தில் பெருவிரல் நுனியளவு ஒரு சின்னப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனால் நுணுக்குக்காட்டியில் வட்டப்புழு, கொழுக்கிப்புழு முட்டைகள் தெரியும். நாடாப்புழு முட்டை கணுவுக்குள் பொதிந்திருப்பதால் அந்தச் சோதனையில் பெரும்பாலும் தப்பிவிடும், அதனால் அரிசிமணியைக் கண்டால் அதையும் ஒரு தாளில் மடித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மாடு ஆடு மட்டும்தான் பார்ப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள், பூனையையும் கொண்டுபோகலாம். காலையிலேயே போங்கள், பிறகு வைத்தியர் வெளிக்களத்துக்குப் போய்விடுவார்.

இனி அண்ணையின் ஒரு மூடிக்கு வருகிறேன். ஆட்டு மருந்தில் கூடுதலாக இருப்பது அல்பென்டசோல். பத்து வீதம் என்று போட்ட போத்தலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், ஒரு மூடி ஐந்து மில்லி என்றால் 500. வளர்ந்த ஆடுகள் இரண்டுக்குக் கொடுக்கிற மருந்து அது, 600 கிராம் குட்டிக்கு! அளவு கூடியது மட்டுமில்லை, அல்பென்டசோல் பூனையின் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடக்கூடியது. லெவாமிசோல் என்றாலும் வேண்டாம், பூனைக்கு அதில் மருந்தளவுக்கும் நஞ்சளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்ரின் ஊசி மருந்தைத் துளி எடுத்துப் பருக்கிக் குட்டி நடுங்கி நடுங்கிச் செத்ததை நான் கண்டிருக்கிறேன், அந்த வீட்டுப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மனிதர் குடிக்கிற பூச்சிக் குளிசையில் பாதி என்கிற கதையும் இப்படித்தான், வீட்டில் கிடப்பது பெரும்பாலும் மெபென்டசோல் அல்லது அல்பென்டசோல், தாயின் தெள்ளு நாடாப்புழுவுக்கு அவற்றால் பயனும் இல்லை.

அம்மம்மாவிடம் நயமாகச் சொல்லுங்கள், உள்ளியும் வெங்காயமும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைத்துவிடும். ஏற்கெனவே பூச்சி இரத்தம் குடிக்கிற குட்டிக்கு உள்ளியும் கொடுத்தால் இரண்டு பக்கத்தாலும் இரத்தம் போகும். மண்ணெண்ணெய் தடவுவது, வேப்பெண்ணெய் பூசுவது எல்லாம் வேண்டாம், பூனை நாள் முழுக்கத் தன்னை நக்குகிற பிராணி, பூசினது எல்லாம் வயிற்றுக்குள்தான். பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன், காய்ச்சல் மாதிரி இருக்கிறதே என்று பனடோல் துண்டு ஒருநாளும் கொடுக்காதீர்கள், பூனைக்கு அது நஞ்சு.

தெள்ளுக்கு மருந்து வாங்கும்போது நாய்க்கென்று விற்கிற பேர்மெத்ரின் உள்ளதைத் தொடவே வேண்டாம், பூனைக்கு வலிப்பு வரும். பிப்ரொனில், செலாமெக்ரின் போன்றவை பூனைக்கென்று, நிறைக்கும் வயதுக்கும் ஏற்றதாக இருக்கின்றன, கழுத்துக்குப் பின்னால் நக்க எட்டாத இடத்தில் மயிரை விலக்கித் தோலில் விட வேண்டும். ஆறு கிழமைக் குட்டிக்கு எது பொருந்தும் என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இப்போதைக்குப் பேன் சீப்பும் சவர்க்காரத் தண்ணீரும் போதும்: வாரி, சீப்பைத் தண்ணீரில் முக்கி, தெள்ளை அதில் சாகவிடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் அதற்கும் அதே நாளில் செய்ய வேண்டும், ஒரே தெள்ளுத்தான், ஒரே நாடாப்புழுத்தான். தெள்ளின் முட்டையும் குஞ்சும் பூனையில் இல்லை, படுக்கையில் இருக்கின்றன. அந்த நெல்லுச் சாக்கை வெளியே எடுத்து உதறி, கொதிதண்ணீரில் அவித்து, நல்ல வெயிலில் இரண்டு நாள் போடுங்கள். நெல்லு உள்ள சாக்கு என்றால் நெல்லை வேறு சாக்குக்கு மாற்றுங்கள். பூனைக்குத் துவைக்கக்கூடிய ஒரு பழைய சாறத் துண்டைப் போட்டுக் கொடுங்கள், கிழமைக்கு ஒருதரம் அவிக்கலாம்.

குளிசை கொடுக்கிற கதை தனிக்கதை. பிரசிகுவான்ரெல் படு கைப்பு. பல்லில் பட்டால் பூனை வாயால் நுரை நுரையாக வழியவிடும், பார்த்தால் நஞ்சு குடித்த மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், கைப்புத்தான், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அவித்த சூடை மீனில் முள்ளெடுத்துப் பிசைந்து, முதல் ஒரு உருண்டை சும்மா, இரண்டாவதற்குள் குளிசைத் துண்டு, மூன்றாவதைக் கையில் மணக்க மணக்கக் காட்டிக்கொண்டு கொடுத்தால் அவசரத்தில் விழுங்கிவிடும். பட்டினி போட வேண்டியதில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்துவிட்டால் உடனே திரும்பக் கொடுக்காமல் வைத்தியரிடம் கேளுங்கள்.

இப்போது மகன். உங்கள் அவருடைய பயம் முழுப் பிழையும் இல்லை, முழுச் சரியும் இல்லை. பிள்ளை இரவில் பின்பக்கத்தைச் சொறிகிறான், நூல் மாதிரி சின்ன வெள்ளைப் பூச்சி என்று எழுதியிருந்தீர்களே, அது பூனையில் இருந்து வரவே வராது. அது மனிதரிடம் மட்டும் இருக்கிற பூச்சி, பாலர் பாடசாலையிலோ வீட்டிலோ இன்னொரு ஆளிடம் இருந்து வந்தது, வீட்டில் எல்லாரும் மருந்து எடுத்தால் சரி. பூனையைக் கொண்டுபோய் விட்டாலும் அது போகாது. பூனை மயிர் வயிற்றுக்குள் போனால் பூச்சி வரும், முட்டு வரும் என்பதில் பூச்சிக் கதை பொய். பூனையால் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமையும் முட்டும் வருவது உண்மைதான், ஆனால் அது வேறு விஷயம்.

பூனையில் இருந்து வரக்கூடியது வட்டப்புழுவின் முட்டை. மண்ணோடு பிள்ளையின் வாய்க்குள் போனால் அந்தப் புழுக்குஞ்சு மனிதரின் குடலில் வளராது, ஆனால் உடம்புக்குள் வழி தெரியாமல் அலையும், ஈரல், நுரையீரல், அரிதாகக் கண் வரைக்கும் போய்ப் பார்வையைக் கெடுக்கும். இதில் எங்களுக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. பூனை மலம் கழித்த உடனே அந்த முட்டை தொற்றாது, மண்ணில் இரண்டு மூன்று கிழமை கிடந்து முற்ற வேண்டும். தினமும் அள்ளிப் புதைத்தால் சங்கிலி அறுந்தது. விட்டுவிட்டால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கூட மண்ணில் உயிரோடு கிடக்கும், டெற்றோல் ஊற்றினால் ஒன்றும் நடக்காது. ஆகவே பூனையைத் தொடுவதை விடப் பூனை இருந்த மண்ணில் விளையாடுவதுதான் ஆபத்து. எங்கள் ஊர்களில் அந்த மண் எது தெரியுமா? வீட்டுத்திட்ட வீடு கட்டுவதற்கென்று பறித்து முற்றத்தில் மாதக்கணக்கில் கிடக்கிற மணல் கும்பி. பகலில் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுவார்கள், இரவில் ஊர்ப் பூனை முழுவதும் வந்து கிண்டி இருந்துவிட்டுப் போகும். அதைத் தறப்பாளால் மூடிக் கல்லு வையுங்கள். மகனுக்குச் செருப்பைப் பழக்குங்கள், கொழுக்கிப்புழுக் குஞ்சு பாதத்தில் ஏறினால் தோலுக்கடியில் சிவப்பாகக் கோடு கோடாக நெளிந்து ஊரும், கடி தாங்க ஏலாது. கிணற்றடியில் வளர்கிற வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிற வீடு என்றால் இலை இலையாக ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். தெள்ளு நாடாப்புழு பிள்ளைக்கு வரவேண்டுமென்றால் பிள்ளை தெள்ளை விழுங்க வேண்டும், நடப்பதுண்டு, அரிது, மருந்தும் லேசு. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனை மலத்தை அவர் அள்ளக் கூடாது; அதற்குக் காரணம் புழு இல்லை, வேறொரு கிருமி, பூச்சி மருந்தால் அது போகாது.

உரப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. மாங்குளத்தில் விட்டால் அங்கேயுள்ள இன்னொரு வீட்டு மணல் கும்பியில் அந்தக் குட்டிகள் இருக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டு நெல்லுச் சாக்குக்கு எலி வரும், எலிக்காக நீங்கள் இன்னொரு குட்டி தூக்கி வருவீர்கள், அதற்கும் தாய்ப்பாலில் வந்த பூச்சி இருக்கும்.

அதனால் அலுவலகத்துக்குப் போகிற அன்றைக்கு மூன்று சாமான் கொண்டுபோங்கள்: குட்டிகளினதும் தாயினதும் நிறை எழுதின துண்டு, போத்தலில் மலம், தாளில் மடித்த அரிசிமணி. போன இடத்தில் தாய்க்குக் கருத்தடை எப்போது செய்யலாம் என்றும் கேட்டுவிடுங்கள். பால் கொடுத்துக்கொண்டு இருக்கும்போதே பூனை திரும்பச் சினைப்படும், இப்போதே பின்னேரங்களில் ஒரு கடுவன் வேலிப்பக்கம் வந்து கத்துகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.